எட்டாவது மதகைப் பார்த்தவர்கள் சொன்னதும் சொல்லாததும்

மாவடிக்குறிச்சி பொன்னரசி தியேட்டரில் 'எட்டாவது மதகு' ஓடிய ஐந்து வாரமும், அந்தப் படத்தில் கொலையாகிற தளவாய் என்பவர் என்னுடைய கேண்டீன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் முதல் காட்சியில், மதகுச் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து யாரோ அடிக்க, அவர் வாய்க்காலில் குப்புற விழ, திரையில் இடைவேளை என்று எழுத்து வந்து, விளக்கைப் போட்டதும் சனங்கள் முறுக்குக்கும் டீக்கும் எழுந்து வந்தார்களே, அவர்களோடு சேர்ந்து அவரும் வந்தார், வரிசையில் நின்றார், முறை வந்ததும் ஒரு டீ கேட்டார், நானும் கொடுத்தேன். சர்க்கரை போடலாமா என்று கேட்டேனே தவிர வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பத்து நிமிஷத்துக்குள் முந்நூறு பேருக்கு டீ ஊற்றுகிறவனுக்கு, எதிரே நிற்கிறவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று பார்க்க நேரம் ஏது.

மணி அடித்து எல்லோரும் உள்ளே போன பிறகும் அவர் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போகலியா அண்ணாச்சி? படம் போட்டுட்டான்" என்றேன்.

"எனக்கு இதுக்கு மேல சீன் கெடையாது" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன், அவருடைய வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, பிடரியில் ஒரு காயம் வாய் பிளந்திருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, துடைப்பதற்கு ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். மற்ற விஷயத்தில் நாங்கள் எப்படியோ, பார்த்த படத்தின் முடிவை வெளியே சொல்லாமல் இருப்பதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காட்சி முடிந்து வருகிறவர்கள் பக்கத்துக் கேட் வழியாக வருவார்கள், அடுத்த காட்சிக்கு நிற்கிறவர்கள் கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்பார்கள், 'படம் எப்படி?' என்று கேட்பார்கள், அதற்கு மூன்றே மூன்று பதில்தான் உண்டு. 'பாக்கலாம்' என்றால் நல்ல படம். 'ஒரு தடவ பாக்கலாம்' என்றால் சுமார். 'வீட்டுல வேலை இருந்தா பாருங்க' என்றால் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கணக்கு வாத்தியார் ஏதோ ஒரு துப்பறியும் படத்தைப் பார்த்துவிட்டு வரிசையைப் பார்த்துக் கொலைகாரன் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டார், அதன் பிறகு ஒரு வருஷம் ஊரில் அவருக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, முடிவெட்டுகிறவர் பாதித் தலையோடு கத்திரியைக் கீழே வைத்துவிட்டார், கடைசியில் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். தியேட்டர் எஸ்தர் டீச்சருடையது. முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வாயைப் பொத்த வைத்த பழக்கம் அவருக்குப் போகவில்லை, படம் ஓடும்போது யாராவது ஒரு வார்த்தை பேசினால் டார்ச் வெளிச்சம் நேராக மூஞ்சியில் வந்து விழும்.

அப்படிப்பட்ட ஊரில், அன்றைக்கு முதல் காட்சி முடிந்து வந்தவர்கள் கேட் அருகில் வந்து ஒன்றும் சொல்லாமல் நின்றார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் இரண்டு தடவை கேட்டும் பதில் வரவில்லை. கடைசியில் பேச்சித்தாய் வாயைத் திறந்தாள். பீடி சுற்றுகிறவள், மடியிலிருக்கும் பீடித் தட்டை இறக்கி வைத்த நேரமெல்லாம் படம் பார்க்கிறவள், அவள் பாக்கலாம் என்று சொன்ன படம் எங்கள் ஊரில் இரண்டு வாரம் நிச்சயம்.

"மெதுவாத்தான் போகும். நீங்களும் கூடவே மெதுவா போங்க" என்றாள்.

நாலாவதாக ஒரு பதிலை ஊர் அன்றைக்குத்தான் கேட்டது. அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

மெதுவென்றால் அப்படி ஒரு மெது. மதகைத் திறக்க தளவாய் சைக்கிளை உருட்டிக்கொண்டு கரைமேல் போவதை முழுசாகக் காட்டுவார்கள், சக்கரத்துக்கு எண்ணெய் போடுவதை, அது இறங்கும்வரை காத்திருப்பதை, கைத்துண்டால் ஒவ்வொரு பல்லாகத் துடைப்பதை எல்லாம் காட்டுவார்கள். கீழே துணி துவைக்கிற ஒரு பெண்ணைத் திடீரென்று வந்த தண்ணீர் அடித்துக்கொண்டு போக, அவள் செத்துப்போவாள், அகாலத்தில் மதகைத் திறந்தது யார் என்று விசாரிக்க ஒரு இன்ஸ்பெக்டர் வந்து, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு வாழைப்பழத்தை உரித்து, நார் எடுத்து, மென்று தின்று முடிக்கிறவரை யாரோ ஒருத்தன் அவரைப் பார்த்துக்கொண்டே இருப்பான். வேறு ஊராக இருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார்கள். எங்கள் ஊரில், பம்பு செட் மெக்கானிக் ஒருவர், நட்டைக் கழற்றுவதை முழுசாகக் காட்டிய முதல் படம் இதுதான் என்று கண் கலங்கினார். நர்சம்மா ஒருவர் பயம் வந்ததே தெரியவில்லை, நாடியைப் பிடித்துப் பார்த்தால் நூற்றுப்பத்து அடிக்கிறது என்றார். விவசாயிகளுக்கோ தண்ணீர்ச் சத்தம் ஒன்றே போதும். இதெல்லாம் இடைவேளைக்கு முன்னால் வருகிற விஷயம், பேசலாம். பின்பாதியைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

சரி, தளவாயை என்ன செய்வது? அதற்கு ஊர் ரொம்ப யோசிக்கவில்லை. நர்சம்மா பிடரியில் கட்டுப் போட்டார், காயம் ஆறவும் இல்லை, பெரிதாகவும் இல்லை. காய்ந்த வேட்டி கொடுத்தோம், கட்டிய அரை மணியில் அதுவும் சொட்ட ஆரம்பித்தது, நாலு வேட்டி மாற்றிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். அவர் உட்கார்ந்த பெஞ்சின் காலில் பாசி பிடித்தது. பெண்கள் வாடுகிற துளசித் தொட்டிகளைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்துவிட்டு, மறுநாள் செழிப்பாக எடுத்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. வந்து, கொலையானவரே புகார் கொடுக்கலாமா என்று யோசித்து, எந்த ஊர் என்று கேட்டார், அவர் படத்தில் வருகிற ஊரின் பெயரைச் சொன்னார், எஸ்.ஐ. எல்லையை விசாரித்துவிட்டு இது நம்ம ஸ்டேஷன் இல்லை என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் அவர் எங்கள் பெரிய குளத்து மதகைப் போய்ப் பார்த்தார். பதினோரு வருஷமாகத் திருகு இறுகிப்போய், யார் யாரோ வந்து கடப்பாரை போட்டும் அசையாதது. அவர் எண்ணெய் விட்டார், உட்கார்ந்தார். பார்க்க வந்தவர்களும் உட்கார்ந்தார்கள், படத்தில் பழகியிருந்தார்களே. மத்தியானம் ஆயிற்று, சாயந்திரமும் ஆகப்போனது, அப்புறம் அவர் எழுந்து இரண்டு விரலால் திருப்பினார், அது திரும்பியது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்ததைப் பார்த்துவிட்டு அன்றைக்கு எங்களில் பலர் இரண்டாம் தடவையாகப் படத்துக்குப் போனோம். உண்மையைச் சொன்னால் அந்த ஆளை எங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அவர் வெளியே வந்துவிட்டதால் படத்துக்குள் ஒரு காலி இடம் விழுந்தது. இரண்டாவது காட்சியிலிருந்தே அப்படித்தான். சைக்கிள் தானாக உருண்டு போகும், எண்ணெய்க் கிண்ணம் தானாகச் சாயும், தம்பி கொம்பையா வந்து அந்தக் காலி இடத்தைப் பார்த்து, "அண்ணே, ராத்திரிக்கு என்ன?" என்பான், பதில் வராது, பதில் வரவேண்டிய நேரம்வரை அவன் காத்திருப்பான், அப்புறம் பதில் கேட்டதுபோலத் தலையாட்டிவிட்டுப் போவான். கொலையாகிற ஆளைக் காட்டாமலேயே எடுத்திருக்கான் பாரு என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் மெச்சினார்கள். நாங்கள் படம் முடிந்ததும் நேரே கேண்டீனுக்கு வந்து, "அந்த எடத்துல நீங்க என்ன சொல்வீய அண்ணாச்சி?" என்று கேட்போம். "கொழம்பு வச்சிருதேன்டேன்னு சொல்லுவேன்" என்பார் அவர். அப்படிப் பாதிப் படத்தை உள்ளேயும் பாதியை என் பெஞ்சிலும் பார்த்தோம், அதனால் படம் இன்னும் மெதுவானது, இன்னும் நன்றாக ஆனது.

ஒவ்வொரு காட்சி முடிந்ததும் அவர் எழுந்து கேட் அருகில் போய் நிற்பார். கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கிற எல்லோரையும் போல அவரும் கேட்பார்.

"படம் எப்படி?"

"பாக்கலாம் அண்ணாச்சி" என்போம்.

"பின்னால பாதி?"

"அதுவும் பாக்கலாம்."

அவர் முகத்தை உற்றுப் பார்ப்பார். நாங்கள் தரையைப் பார்ப்போம். ஏனென்றால் அவரை அடித்தது கொம்பையா. மதகை அகாலத்தில் குடிபோதையில் திறந்துவிட்டவன் அவன்தான், அது அண்ணனுக்குத் தெரிந்துபோய், விடிந்தால் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார், அதற்கு முன்னால் தம்பி முந்திக்கொண்டான். இது பின்பாதியில்தான் தெரியவரும். இங்கே பெஞ்சில் உட்கார்ந்து அவர் தம்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். ஆத்தா செத்தபோது அவனுக்கு மூணு வயசு, தோளிலேயே வைத்துக்கொண்டு மதகு மதகாகப் போனேன், அவனுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும் என்பார். பொழுது சாய்ந்தால், "சாப்பிட்டானோ என்னமோ" என்பார். இதைக் கேட்டுக்கொண்டு டீ ஆற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இரண்டு தடவை பாலைப் பொங்கவிட்டேன்.

"நீங்களே உள்ள போயி ஒரு தடவ பாத்துருங்களேன்" என்று பேச்சித்தாய் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு சீன் இல்லாத எடத்துல நான் போயி உக்காரப்படாது தாயி" என்று சொல்லிவிட்டார்.

அதுவும் எங்களுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவர் பார்க்க மாட்டார், நாங்கள் சொல்ல மாட்டோம், தம்பி தங்கமானவன் என்ற நினைப்போடு அவர் பாட்டுக்கு எங்கள் ஊரிலேயே இருந்துவிடுவார், மதகுக்கு ஒரு ஆள் கிடைத்தமாதிரியும் ஆயிற்று. முடிவைச் சொல்லாத பழக்கம் இந்த மாதிரி ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படும் என்று யார் நினைத்தார்கள் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டோம்.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை. மறுநாள் புதுப்படம். மதியக் காட்சியோடு இந்தப் படத்தை நிறுத்தி, பெட்டியைச் சாயந்திர பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும் என்று எஸ்தர் டீச்சர் சொல்லியிருந்தார். பெட்டி என்று வாய்ப் பழக்கத்தில் சொல்கிறோம், இப்போதெல்லாம் அது கையடக்கமான ஒரு டப்பா. காலையில் தளவாய் தலைவாரி, சொட்டுகிற வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, நான் உள்ள போறேன். பொட்டி போறப்ப நானும் போயிரணும்" என்றார்.

நான் டீ வடிகட்டியைக் கீழே வைத்தேன். "எதுக்கு? இங்க என்ன கொற?" என்றேன்.

"ஒரு கொறயும் இல்ல. அவன் என்கிட்டப் பேசுதான், பதில் இல்லாம நிக்கான்னு நீங்கதான சொன்னிய. எத்தன நாளைக்கு அவன் அப்படி நிப்பான்?"

போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மதியம் மூன்றே முக்காலுக்குப் பிடரியில் அடி விழும். நாளையிலிருந்து எந்த ஊரில் அந்த டப்பாவைப் போடுகிறார்களோ அங்கே ஒரு நாளைக்கு நாலு தடவை விழும். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளையின் கையே அடிக்கும். இது தெரியாமல் அவர் தம்பிக்குப் பதில் சொல்லப் போகிறார். நான் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு எஸ்தர் டீச்சரிடம் ஓடினேன், செய்தி எப்படிப் பரவியதோ, அரை மணி நேரத்தில் தியேட்டர் முற்றத்தில் ஐம்பது அறுபது பேர் கூடிவிட்டார்கள்.

"சொல்லிருவோம். தம்பிதான் கொன்னான்னு சொன்னா அவரு எதுக்குப் போகப்போறாரு?" என்றாள் பேச்சித்தாய்.

"முடிவச் சொல்லக்கூடாது" என்றார் எஸ்தர் டீச்சர். "இன்னைக்கு ஒருத்தருக்குன்னு ஆரம்பிச்சா நாளைக்கு எல்லாரும் சொல்லுவாங்க. அவருக்கு அந்தத் தம்பி நெனப்பு ஒண்ணுதான் இருக்கு. அதையும் புடுங்கி எறியணுமா?"

"கதையக் காப்பாத்துறதா, ஆளக் காப்பாத்துறதா டீச்சர்?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்து பேசியது. பம்பு செட் மெக்கானிக் சொல்லாதீர்கள் என்றார், நர்சம்மா சொல்லுங்கள் என்றார். மணி ஒன்றரை ஆகிவிட்டது. பேச்சித்தாய் யாரையும் கேட்காமல், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேரே பெஞ்சுக்குப் போய் அவர் முன்னால் நின்றாள். நாங்கள் பின்னாலேயே போனோம்.

"அண்ணாச்சி, உங்கள அடிச்சது கொம்பையா" என்றாள்.

அவருடைய வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அது எனக்குத் தெரியுமே தாயி" என்றார் தளவாய்.

அவள் பேந்தப் பேந்த விழித்தாள்.

"அவன் நடக்கப் படிச்ச நாள்லேருந்து அந்தக் காலடிய கேட்டுக்கிட்டிருக்கேன். பின்னால வந்தது அவன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் திரும்பல. திரும்பி மூஞ்சியப் பாத்துட்டா அவனால ஏலாதுல்லா."

"பின்ன எதுக்கு அஞ்சு வாரமா படம் எப்படி படம் எப்படின்னு கேட்டீய?" என்றேன் நான்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவன் எப்படின்னு கேக்க வாய் வரல அண்ணாச்சி. நான் போன பொறவு அவன் என்ன ஆனான், பாக்கிற சனம் அவன என்ன நெனக்கி, காறித் துப்புதா, இல்ல ஒருத்தராவது ஐயோன்னு சொன்னாவளா, அதத்தான் தெரிஞ்சுக்க நின்னேன். உள்ள போயிப் பாக்க தைரியம் இல்ல. நீங்க பாக்கலாம் பாக்கலாம்னு சொல்லிட்டு நேரா போயிட்டிய."

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஐந்து வாரம், நாளைக்கு நாலு காட்சி, ஒவ்வொரு காட்சிக்கும் அந்த மனுஷன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டிருக்கிறார், நாங்கள் பெரிய தர்மவான்கள் மாதிரி வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறோம். எங்கள் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டது வேறு. அங்கிருந்த ஒருவராலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதலில் பேசியது பம்பு செட் மெக்கானிக். "பச்சையாச் சொல்லுதேன் அண்ணாச்சி, எனக்கு அவனப் புடிக்கல. கடைசிவரைக்கும் புடிக்கல" என்றார்.

"சரி" என்று தளவாய் தலையாட்டினார்.

"எனக்கும் கோவந்தான். ஆனா அந்த இன்ஸ்பெக்டர் கேள்வி கேக்கும்போது அவன் கை நடுங்கும். இது மாத்திரை கொடுத்து நிக்கிற நடுக்கம் இல்லன்னு நெனச்சேன்" என்றார் நர்சம்மா.

ஒருவர், அந்தச் செத்த பொம்பளையின் வீட்டு வாசல்வரை அவன் மூன்று தடவை போய்விட்டுத் திரும்பியதைச் சொன்னார். இன்னொருவர், கடைசியில் விலங்கு போட வரும்போது அவனே கையை நீட்டியதைச் சொன்னார். எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லியிராத பின்பாதியை, ஆளுக்கு ஒரு துண்டாக, ஐந்து வாரமாக அடக்கி வைத்திருந்ததை, அந்த முற்றத்தில் நின்று சொன்னோம், வெயிலில் நின்றே சொன்னோம், அவர் ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக் கேட்டுக்கொண்டார். திட்டியதையும் கேட்டுக்கொண்டார்.

பேச்சித்தாய் கடைசியாகச் சொன்னாள். "எனக்கு அந்தச் சாப்பாட்டு சீன்தான் அண்ணாச்சி. உங்கள வாய்க்கால்ல தள்ளிட்டு வீட்டுக்கு வந்து, கை கழுவிட்டு, அடுப்புல இருந்த சட்டிய எறக்கி வச்சு சோத்தப் போட்டுத் திங்கான். ஏழு நிமிசம். ஒரு பேச்சு கெடையாது. மொதத் தடவ, சண்டாளப்பாவி, சோறு எறங்குதான்னு நெனச்சேன். ரெண்டாந் தடவ பாக்கைல அழுதுட்டேன். ஏன்னு எனக்கே தெரியல."

தளவாய் மெல்ல எழுந்தார். "அந்தச் சட்டியவா எறக்குனான்?"

"ஆமா."

"அது அயிரமீன் கொழம்பு. அவனுக்குன்னு வச்சேன். கொதிக்கட்டும்னு விட்டுட்டு மதகுக்குப் போனேன், வந்து உப்புப் போட்டுக்கலாம்னு" என்றவர் சற்று நிறுத்தினார். "உப்புக் கொறஞ்சா தட்டத் தூக்கி வீசிருவான் அவன். எவ்வளவு தின்னான்?"

"சட்டிய வழிச்சுத் தின்னான் அண்ணாச்சி" என்றாள் பேச்சித்தாய்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், எங்கள் எல்லோரையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். போகாதீர்கள் என்று சொல்ல நாலைந்து பேர் வாயெடுத்தோம், அதற்குள் இரண்டரை மணிக்கு முதல் மணி அடித்தது, கதவு திறந்தது, அவர் எல்லோருக்கும் முன்னால் உள்ளே போனார், நடுப்பாதையில் திரையைப் பார்த்து நடந்தார், விளக்கு அணைந்தது.

அன்றைக்கு நானும் கேண்டீனைப் பூட்டிவிட்டு உள்ளே போனேன். உட்கார இடம் இல்லை, சுவரோரம் நின்றோம். கரைமேல் சைக்கிள் வந்தது, அதை உருட்டிக்கொண்டு தளவாய் வந்தார். எங்களில் சிலர் அழுதார்கள், டீச்சரின் டார்ச் யார் மேலும் விழவில்லை. ஐந்து வாரமாகக் காலியாக இருந்த இடம் நிரம்பியது. "அண்ணே, ராத்திரிக்கு என்ன?" என்றான் கொம்பையா. "கொழம்பு வச்சிருதேன்டே" என்றார் தளவாய். அந்த ஒரு பதிலுக்கு அந்தப் பயலின் முகம் எப்படித் தெளிந்தது என்பதை நாங்கள் முதல் நாள் பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறோம்.

எட்டாவது மதகு வந்தது. எண்ணெய் போட்டார், காத்திருந்தார், துடைத்தார். பின்னால் காலடி கேட்டது. முதல் நாள் போலவே அவர் திரும்பவில்லை. ஆனால் சக்கரத்தின்மேல் கையை வைத்தபடியே, முதல் நாள் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"கொழம்புல உப்புப் போடலடே. போட்டுச் சாப்பிடு."

காலடி நின்றது. வெகு நேரம் நின்றது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அடிக்க ஓங்கிய இரும்புக் கம்பியைக் கீழே போட்டுவிடுவான் என்றே நான் நினைத்தேன், என் பக்கத்தில் நின்றவர் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அப்புறம் அடி விழுந்தது. இடைவேளையில் யாரும் எழுந்திருக்கவில்லை, வெளியே போனால் அவர் பெஞ்சில் இருக்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பின்பாதியில் கொம்பையா வீட்டுக்கு வந்தான், கை கழுவினான், சட்டியை இறக்கினான், சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினான். இத்தனை நாளும் உடனே தின்னத் தொடங்கியவன் அன்றைக்குத் தின்னவில்லை. எழுந்து நின்று சுற்றிப் பார்த்தான். அலமாரியில் ஒரு டப்பாவைத் திறந்தான், மிளகாய்ப்பொடி. இன்னொன்றைத் திறந்தான், கடுகு. ஒரு நாளும் அடுப்பங்கரைக்குள் கால் வைத்திராதவன், உப்பு எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை. டப்பா டப்பாவாகத் திறந்தான், மூடினான், முகர்ந்தான், நாக்கில் வைத்துப் பார்த்தான், மேல்தட்டில் கையை விட்டுத் துழாவினான், வெந்தயம் கொட்டிச் சிதறியது, அதைக் குனிந்து பொறுக்கினான், பொறுக்கியதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நடு அடுப்பங்கரையில் நின்றான். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவன் வாய் கோணியது. அழுவதற்கும் அவனுக்குத் தெரியவில்லை.

எங்களுக்கு உப்புச் சாடி தெரிந்தது. திரையின் ஓரத்தில், அடுப்பை ஒட்டி, விறகுக்குப் பின்னால் பாதி மறைந்து இருந்தது. அந்த வீட்டு அடுப்பங்கரையை எத்தனையோ தடவை பார்த்த கண்கள், அரங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை, பழக்கம் அப்படி.

அப்போது கடைசி வரிசையிலிருந்து எஸ்தர் டீச்சர் எழுந்தார். டார்ச்சைத் திரையை நோக்கி அடித்தார்.

"கொம்பையா, ஒனக்கு எடதுபக்கம்" என்றார். "வெறகுக்குப் பின்னால இருக்கு பாரு."

கொம்பையா இடதுபக்கம் திரும்பினான்.